பச்சை மை ஓட்டு

நவம்பர் 2, 1998

நாளை தேர்தல். முடிவெட்டும் கடையை மூன்று மணிக்கே சாத்திவிட்டுக் கடைசி ஐந்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நான்கில் நாய், ஒன்றில் ஆள். ஆள்தான் அதிகம் குரைத்தார். மூன்றாம் முறையும் ஜெயித்து மாநிலத் தலைநகர் ஷையனில் சட்டசபைக்குப் போனால்தான் என் ஆம்புலன்ஸ் மசோதா பிழைக்கும். எங்கள் ரெட் வில்லோவிலிருந்து ஆஸ்பத்திரி எழுபது மைல். போன குளிர்காலத்தில் ஒருத்தி வழியிலேயே பெற்றாள், பிக்கப் வண்டியில், வைக்கோல் மேல்.

எதிராளி கிரேடி ஹோல்கம், தீவனக் கடைக்காரன். பதினெட்டு வருஷமாக என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறான். போன வாரமும் வந்தான். காது பத்திரமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3

முட்டாள். நாற்பத்தொன்பது வயது முட்டாள்.

இந்த ஊரில் வேட்பாளர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவதுதான் மரியாதை. அவரும் நமக்குப் போடுவார், சரிக்குச் சரி. இரண்டு தேர்தலிலும் அப்படித்தான் செய்தேன். இருநூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததால் வலிக்கவில்லை. இன்று கை தானாக என் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டது. மனசு உறுத்தி, அதன் மேல் பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு, கிரேடியின் வட்டத்தை நிரப்பினேன்.

வேறு சீட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் சீட்டுக் கொடுத்தவள் லூரீன். அவளிடம் சொன்னால் நான் வீடு சேர்வதற்குள் ஊர் சிரித்து முடித்திருக்கும். போதாததற்குப் பேனா வேறு என்னுடையது — கடைப் பெயர் போட்டு ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுத்த பச்சைப் பேனா.

நவம்பர் 4

1,411. 1,411. இயந்திரத்தால் படிக்க முடியாத சீட்டு ஒன்று.

"எந்த மடையன் அது?" என்றார் என் வீட்டுக்காரர் டுவேன். நான் முட்டையைத் திருப்பிப் போட்டேன்.

நவம்பர் 7

கிரேடி எனக்குப் போட்டிருப்பான், இல்லையா?

நவம்பர் 9

அந்த ஒற்றைச் சீட்டு யாருக்கென்று முடிவு செய்ய மூன்று பேர் குழு. மேசையின் ஒரு பக்கம் கிரேடி, மறுபக்கம் நான்.

"பச்சை மை," என்றார் ஐயோன் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். "என் வகுப்பா இருந்தா மூலையில நிக்க வச்சிருப்பேன்."

"ரெண்டையும் நிரப்பியிருக்கான். செல்லாது," என்றார் ஹாங்க்.

"அந்தப் பெருக்கல் குறியைப் பாருப்பா. எங்க காலத்துல அப்படித்தான் ஓட்டுப் போடுவோம். இது மார்வாவுக்குத்தான்," என்றார் டீச்சர்.

மூன்றாமவர் தலையாட்டினார். இரண்டுக்கு ஒன்று.

கிரேடியின் முகம் சுண்டிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆம்புலன்ஸ் வந்துவிடும். பொய்கூட இல்லையே, நான் எதுவுமே சொல்லவில்லையே? இருபது எண்ணும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபது! எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அது எனக்கில்ல டீச்சர். கிரேடிக்கு."

"உனக்கெப்படித் தெரியும்? அந்தப் பேனா எல்லார் வீட்டுலயும் கிடக்கு."

"அடிச்சது நான்தான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, ரொம்ப நேரம் துடைத்தார். "மார்வா, போய் மூலையில நில்லு."

வெளியே படிக்கட்டில் கிரேடியைப் பிடித்தேன். "நீ எனக்குத்தானே போட்ட?"

தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "எனக்கேதான் போட்டுக்கிட்டேன். அந்த வழக்கமெல்லாம் இன்னும் இருக்குன்னு நினைச்சியா?"

வீட்டில் டுவேன்: "ஏம்மா, எதிராளிக்குப் போட்டு ஒரு ஓட்டுல தோத்தவ உலகத்துலயே நீதான்." பிறகு அவரே காபி போட்டுத் தந்தார். பதினோரு வருஷத்தில் முதல் காபி. கண்ணீர் வந்தது, காபி அப்படி.

ஜனவரி 9, 1999

கிரேடி வந்தான். ஷையன் கிளம்புவதற்கு முன் முடி வெட்டிக்கொள்ள. கக்கத்தில் என் பழைய ஆம்புலன்ஸ் மசோதா.

"மூணாம் பக்கம் ஒண்ணும் புரியல, மார்வா."

"தலையைக் குனி."

பதினேழாம் பக்கம் வரை சொல்லிக்கொண்டே வெட்டியதில் முடி கொஞ்சம் அதிகமாகவே குறைந்துவிட்டது. காது இருக்கிறது.

மார்ச் 2

நிறைவேறிவிட்டது. மசோதாவின் மேல் அவன் பெயர். இருக்கட்டும்.

நவம்பர் 7, 2000

மறுபடியும் அவனும் நானும்தான். சாவடியில் இருந்த கறுப்புப் பேனாவையே எடுத்தேன். ஒரே வட்டம். யாருக்கு என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

வெளியே வரிசையில் கிரேடி நின்றான். என்னைப் பார்த்ததும் எதையோ சட்டைப் பையில் ஒளித்தான். மூடி மட்டும் வெளியே தெரிந்தது. பச்சை.