படிக்கட்டில் ஒரே ஒரு சிறுமி

மார்ச் 4
படம் முடிந்துவிட்டது. எழுபத்தொரு நிமிடம். ஒரு சிறுமி படிக்கட்டில் உட்கார்ந்து மாடிவீட்டுப் பையனுக்காகக் காத்திருக்கிறாள். வேறொன்றும் நடப்பதில்லை. என் பால்யம். எடுக்க நான்கு வருடம்.

மார்ச் 9
முதல் திரையிடல். பதினான்கு பேர். மூவர் ஏசிக்காக வந்தவர்கள். கடைசிவரை அசையாமல் இருந்ததும் அவர்கள்தான். "சொந்த அனுபவமா?" என்று ஒருவர் கேட்டார். "வேறெப்படி?" என்று தலையைத் தாழ்த்தினேன். நன்றாகவே தாழ்த்தினேன்.

அக்கா பின்வரிசையில் இருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

மார்ச் 10
போன் செய்தேன்.

"நான் எங்கடி அதுல?"

திரைக்கதையில் இருந்தாள். "ரெண்டு பேர் உக்காந்திருந்தா அது தனிமை இல்ல, பிக்னிக்" என்றார் ஒளிப்பதிவாளர். வெட்டினேன். தனிமை உடனே கூடியது. அதையே விளக்கினேன் - கலையின் தேவை, அது இது என்று.

"வெட்டினது போகட்டும். அவனுக்காகக் காத்திருந்தது யாரு, நீயா? உனக்கு ஒன்பது வயசுடி. அம்மா வந்தா இருமணும்னு உன்னை அங்க உக்கார வச்சதே நான்தான்."

வைத்துவிட்டாள்.

மார்ச் 11
இருமியிருக்கிறேன். ஆமாம். தொண்டை வலிக்க வலிக்க.

ஆக, என் முதல் ஏக்கம் அக்காவுடையது. நான் வெறும் காவல். இதை என் கதை என்று எத்தனை பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்! (இரண்டு.)

மார்ச் 19
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 26
இன்றும் எடுக்கவில்லை. ஒரு விமர்சனம் வந்திருக்கிறது: 'தனிமையை உள்ளிருந்து அறிந்தவரின் படம்.' படம் எடுத்தபோது இல்லை ஐயா. இப்போதுதான்.

ஏப்ரல் 2
அத்தான் படத்தை லேப்டாப்பில் பார்த்துவிட்டாராம். சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா முகம் கொடுக்கவில்லை, பரிமாறினாள்.

"என்ன மச்சினி, பெரிய ஆளுதான் நீ! யாரு அந்தப் பையன்? உங்கக்காவுக்குத் தெரியுமா?"

கரண்டி அப்படியே நின்றது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது அத்தான். நான்தான் பைத்தியம் மாதிரி உக்காந்திருந்தேன்."

"அந்த வயசுலயேவா!" அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

இத்தனை நாள் உண்மை என்று சொல்லித் திரிந்ததைத்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்தபின் எவ்வளவு இயல்பாக வருகிறது.

ஏப்ரல் 3
காலையில் அக்கா போன். ஹலோகூட இல்லை.

"நீ போட்ட பையன் ரொம்ப அழகுடி. நெஜத்துல அவனுக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கல்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சிரிச்சா நல்லா இருக்கும்."