இரண்டாம் தரம் போடும்போது

எதைப் போட்டாலும் சாப்பிட்ட என் அன்பு அப்பாவுக்கு,

ஆய்வு முன்மொழிவு இன்னும் முடியவில்லை. இந்த நாட்டு முதியோர் இல்லங்களில் இருக்கும் நம் தமிழர்களுக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்பதுதான் தலைப்பு. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் என்னைக் கொண்டுபோய் விடும் வழியெல்லாம் இதைச் சொல்லி உங்கள் காதைத் துளைத்திருக்கிறேன். இப்போது நானே காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். அழுகை வருவதில்லை அப்பா. அதைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள்.

இலக்கிய மீளாய்வு முடிந்துவிட்டது. யார் யார் முன்பு என்ன எழுதினார்கள் என்று படித்துக் கோத்து வைக்கிற வேலை. மரத்துப்போன மண்டைக்கு அது சுகம்தான். முறையியலில்தான் மாட்டிக்கொண்டேன். "எதுவானாலும் சரி என்று பதில் வந்தால் என்ன செய்வாய்?" என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அது உங்கள் பதில். கேள்விகளைச் சரிபார்க்க முதலில் உங்களிடம்தானே கேட்டேன்? "எதெண்டாலும் சரி பிள்ளை" என்றுவிட்டு நீங்கள் வாசலில் பனி அள்ளப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா ஒடியல்கூழ் என்றார். தம்பியின் மகளோ, "அப்பப்பாவுக்கு பூட்டின்!" என்றாள். பொரித்த உருளைக்கிழங்கில் சீஸும் குழம்பும் ஊற்றிய அதை நீங்களும் அவளும் களவாகக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டீர்களாமே? ஊருக்கெல்லாம் எது பிடிக்கும் என்று ஆராயப் புறப்பட்டவளுக்கு உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. வெட்கப்பட வேண்டும், அதுவும் வரவில்லை.

அம்மா மட்டும் தயங்காமல் கத்தரிக்காய்ப் பால்கறிக்குச் சட்டியை எடுத்தார்.

"அப்பா சொன்னவரோ அம்மா?"

"அந்த மனுசன் எப்ப வாய் திறந்து சொன்னது? ரெண்டாந்தரம் போடேக்க கையால மறிப்பார். இதுக்கு மட்டும் மறிக்கமாட்டார்."

அதையே முறையியலில் எழுதிவிட்டேன். கேள்வி கேட்பதோடு நிற்காமல், பரிமாறும்போது பக்கத்தில் இருந்து கையைப் பார்ப்பது. பேராசிரியை சரி என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது. கார் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது அப்பா. நீங்கள் போனதிலிருந்து அம்மா எல்லாவற்றுக்கும் கையால் மறிக்கிறார். இரண்டாம் தரம் போட விடுவதேயில்லை. அவருக்கு எது பிடிக்கும்? இத்தனை வருசம் எதிரே இருந்து சாப்பிட்ட நீங்கள் பார்த்து வைத்திருப்பீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

நேற்று அம்மாவிடமே கேட்டேன். "எதெண்டாலும் சரி பிள்ளை" என்றார். உங்கள் அதே குரலில்.

இனிக் கேட்கமாட்டேன். ஒவ்வொன்றாகச் சமைத்துப் போடுகிறேன். ஏதாவது ஒன்றுக்கு அந்தக் கை மறிக்காமல் விடும் நாள்வரை போட்டுக்கொண்டே இருப்பேன்.

கரண்டியோடு நிற்கும்,
உங்கள் மூத்த மகள்