உன் பெயருக்கு மேல் உள்ள இடம்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
வியாழக்கிழமை

அன்பு ஞானமகள் ஆஷ்லினுக்கு,

உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவனும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான விக்டர் மாமா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம், பிரான்சில் துலூஸில் நீயும் உன் குளிரும் சுகமா. இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்று பூசைப் புத்தகத்தின் மேல் கைவைத்து உறுதி கூறித் தொடங்குகிறேன்.

உன் அப்பாவின் முதல் வருஷப் பூசைக்கு அடிக்கும் நினைவு அட்டையில் போட நீ எழுதி அனுப்பியது செவ்வாய்க்கிழமை வந்தது, உன் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் சத்தமாக வாசித்தேன். தியாகச் சுடரே, பாசத்தின் இமயமே என்றதும் பிள்ளைச்சாவடிக் கடல் அரை மைல் உள்வாங்கியது, அரிவாள்மனை முன்னால் கிடந்த கொடுவா எழுந்து முட்டிபோட்டது. அம்மா மட்டும் அசையவில்லை. ஒருநாளும் கடிந்து பேசாத தந்தையே என்ற இடத்தில் கையைக் கழுவிக்கொண்டு, நல்லாத்தான்டா இருக்குது, எந்த வூட்டு ஆம்பளைக்கு எழுதுனது இது, என்று கேட்டாள். மறுநாள் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். உன் அப்பாவோடு படித்த கமருஸ்ஸமான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இதைப் புதுசா அடிக்கவே வேணாம் விக்டர், போன வாரம் கருவடிக்குப்பத்து அம்மா ஒருத்தங்களுக்குப் போட்டது அப்படியே கெடக்குது, தாயேன்னு இருக்குறத தந்தையேன்னு மாத்திட்டா முடிஞ்சுது, என்றார். கிண்டல் இல்லை, வேலை மிச்சம் என்ற நல்லெண்ணம். நான் ஸ்கூட்டரை உதைக்காமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஏஐயிடம் கேட்டு வாங்கினாய் என்று நான் கோபிக்கவில்லை கண்ணு. பென்ஷன் ஆபீசுக்கு மனு போட நானும் அதைத்தான் கேட்கிறேன், என்னைவிட மரியாதையாக எழுதுகிறது. ஆனால் மனு குப்பைக்குப் போகும், இந்த அட்டை பூசைப் புத்தகத்துக்குள் போகும், உன் அம்மா சாகிற வரைக்கும் ஞாயிறுதோறும் அதைப் பார்ப்பாள். என்கூட வந்து இருங்கப்பா என்று நீ கூப்பிட்டதற்கு, நான் என்ன உன் பெட்டியா தூக்கிக்கினு போக, என்று அவர் போனில் கத்தியதும், நீ ரெண்டு மாசம் பேசாமல் இருந்ததும், அதற்குள் அவர் போய்விட்டதும் அந்த மிஷினுக்கு எப்படித் தெரியும். அதை எழுதப் பயந்துதான் நீ அதன் கையில் கொடுத்தாய் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மாமாவை மன்னித்துவிடு. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, ஒரு வரி போதும்.

நானே உன் பெயரில் எழுதிவிடவா என்று அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன். நீ எழுதுனா அந்த மனுசன் ஒத்தக் கையில யானைய தூக்குனாருன்னு எழுதுவ, எம்பொண்ணு எழுதட்டும், இல்லனா அந்த எடம் வெறுமையாவே இருக்கட்டும், என்றாள். நான் ரெண்டு யானை என்று யோசித்திருந்தேன். கமருஸ்ஸமான் உன் பெயருக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு மாதிரி அட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதை அம்மா பூசைப் புத்தகத்துக்குள் வைத்த நிமிஷத்தில் புத்தகம் அம்மிக்கல்லாகக் கனத்து, நாலு ஆள் சேர்ந்து அலமாரியில் ஏற்றினோம்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இப்போதே போனில் அனுப்புகிறேன்; சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அச்சு ஓடும், அதற்குள் உன் வரி வரட்டும், மறக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கடல் உள்வாங்கவில்லை, கொடுவா குழம்பாகத்தான் போயிற்று, நாலு ஆளும் வரவில்லை. அந்த வெறும் அட்டையை உன் அம்மா இப்போதே எடுத்து வைத்துக்கொண்டாளே, அது மட்டும் நிஜம்.

உன் ஞானத்தகப்பன்,
விக்டர் மாமா