மடிக்காத தாள்

மர்பி டவுன், பெங்களூர்
14-8-1956

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

கள்ளச்சாராயக்காரனைப் பற்றி நான் எழுதியதைப் படிப்பகத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அவன் ஆட்கள் நுழைந்தார்கள். படிப்பகம் நடத்தும் ஆதிகேசவனின் மண்டையைப் பிளந்தார்கள். புத்தகங்களைக் கொளுத்தினார்கள். "நிறுத்துக்கா, போதும்!" என்று நீ கத்தியபோதுதான் துண்டால் முகத்தை மூடியிருந்தவன் யாரென்று தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. உன் தடி எங்கே இறங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

போலீஸிடம் ஆள் தெரியவில்லை என்றேன். பாசம் என்று நினைக்காதே. லாக்கப்பில் கிடந்தால் மீதியை எப்படிக் கேட்பாய்?

படிப்பவர் தாளை மடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. மடித்தபின் யாரும் எதிர்த்துப் பேசலாம். அதுதான் எங்கள் வழக்கம். நான் இன்னும் மடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரிந்த சுவர்களுக்கு நடுவே படிப்பேன். துண்டில்லாமல் வா. முழுதும் கேட்டுவிட்டு அடி.

உன் அக்கா