கிழங்கு முறையில் நட்ட நெல்

ஜியாயி, தைவான்

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நான் காவல் இருக்கும் மதகில் சின்னச் சண்டை. நெல்லுக்கான தண்ணீர் வருடத்துக்கு ஒரு பக்கத்துக்குத்தான்; மேல்பக்க வயல்களுக்கு இந்த வருடம் வள்ளிக்கிழங்கு முறை. தியாம்-திங் மாமா திருட்டுத்தனமாக நெல் நட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தார்.

"தொறடா மதகை!"

"நெல்லுத் தண்ணி இந்த வருஷம் கீழ்ப்பக்கத்துக்கு, மாமா."

"என் நாத்து கருகுது, நீ முறை பேசுறியா?" என்று வெட்டினார். என் கையில் லேசாகத்தான் பட்டது. கீழ்ப்பக்கத்தார் ஓடிவந்து அவர் முழங்கால்களை அடித்து நொறுக்கினார்கள். வாய்க்கால் சிவப்பாக ஓடியது. ஆனால் முறைப்படி ஓடியது.

வலது கை அகலமாகத் தைத்த சட்டை ஒன்றும் முள்ளங்கி வற்றலும் அனுப்புங்கள். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

நம் வயலுக்கும் இந்த வருடம் கிழங்குதான். தம்பி நெல் நட்டிருந்தால் இன்றே பிடுங்கச் சொல்லுங்கள். அங்கே மதகில் நிற்பவனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள்.

அவசரமாக,
மகன் கிம்-சுன்