நாலாவது குழாய்

மார்ச் 3, திங்கள்

முதல் நாளே மூக்குடைபட்டேன்.

பதினெட்டு வருடமாகப் பிளம்பிங் செய்கிறவள் என்ற மிதப்பில் முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிச் சுவருக்குள் ஓடும் ஆக்சிஜன் குழாய்களைப் போட இரண்டு வாரப் பயிற்சி, கடைசியில் தேர்வு. சொல்லித்தருகிறவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. எந்நேரமும் வெள்ளைக் கையுறை. ஆளுக்கொரு செம்புக் குழாய் கொடுத்தார். வாங்கின கையோடு இரு பக்க மூடியையும் கழற்றி, வாயில் வைத்து 'ஃபூ' என்று ஓர் ஊது ஊதினேன். தூசி போகட்டும் என்றுதான். இதுவரை எத்தனை ஆயிரம் குழாய்களை இப்படி ஊதியிருப்பேன்!

வெள்ளைக் கையுறை அந்தக் குழாயை இரண்டு விரலால் வாங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டார்.

"அக்கா, இது நோயாளி மூச்சுக்குப் போற குழாய். கழுவி, மூடி போட்டு வருது. அதுக்குள்ள உங்க எச்சில் போகலாமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய?

மார்ச் 5, புதன்

மறுபடி ஊதினேன். இரண்டு தடவை.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அங்கே சுவரில் ஆக்சிஜன் கிடையாது, சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். "சீக்கிரம் பாஸ் பண்ணிட்டு வாங்க அண்ணி, என் இடுப்பே போச்சு" என்றாள்.

அந்த வார்டுக்கு லைன் போடும் வேலை எங்கள் முதலாளிக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆரம்பம். சர்டிபிகேட் இல்லாதவர்கள் குழாயைத் தொடவே கூடாது. கிடைக்காவிட்டால் நான் பழையபடி கக்கூஸ் அடைப்பு எடுக்கப் போகவேண்டியதுதான். எனக்கு அந்த வார்டு வேண்டும். வேண்டும், வேண்டும்.

பற்றவைப்பது கைக்கு வந்துவிட்டது. குழாய்க்குள் நைட்ரஜனை ஓடவிட்டுக்கொண்டே பற்றவைத்தால் உட்பக்கம் கறுக்காது. வெள்ளிக்கிழமை என் இணைப்பை நீளவாக்கில் அறுத்துப் பார்த்த வெள்ளைக் கையுறை, "புதுக் குழாய் மாதிரி இருக்கே" என்றார். வாய்தான் பிரச்சினை. டீயைக்கூட ஊதிக் குடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சட்டம் போட்டுவிட்டார். டம்ளரை எடுத்தாலே "வாய், வாய்" என்கிறார். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

மார்ச் 14, வெள்ளி

தேர்வு. ஐந்து இணைப்புகள், இரண்டு மணி நேரம். வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். மூன்று இணைப்பு மளமளவென்று முடிந்தது. நாலாவது குழாயை எடுத்தேன் — ஊதிவிட்டேன். என்னை அறியாமல். ச்சே!

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. மேடம் அடுத்த மேசையில் குனிந்திருந்தார். அறுத்துப் பாத்தாலும் ஊதினது தெரியவா போகுது? இது வெறும் தேர்வுக் குழாய், சாயங்காலம் குப்பைக்குப் போறது. இதுல எந்தக் குழந்தை மூச்சு விடப் போகுது? — ஆனா இன்னைக்குச் சும்மா விட்டா வார்டுலயும் விட்டுடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

கையைத் தூக்கினேன்.

"வேற குழாய் வேணும், மேடம்."

"ஏன்?"

"ஊதிட்டேன்."

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேனே, மேடம்."

புதுக் குழாய் கொடுத்தார். நேரம் கொடுக்கவில்லை. மறுபடி அளந்து, வெட்டி, தேய்த்து... ஐந்தாவது இணைப்பு பாதியில் நிற்கையில் மணி அடித்துவிட்டது.

ஃபெயில்.

மார்ச் 15, சனி

வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலையில் கேட்டேவிட்டார். "யாரும் பாக்கலைன்னா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஊதியே இருக்கமாட்டேனே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 19, புதன்

வெள்ளைக் கையுறை போன் செய்தார். மறுதேர்வு இருபத்தொன்பதாம் தேதி. "அந்த மேடமே தேதி வாங்கிக் கொடுத்தாங்க. பட்டறை திறந்துதான் இருக்கு, தினமும் வந்து பழகுங்க அக்கா."

மார்ச் 24, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். குழாயை இடுப்புக்கு மேலே தூக்குவதே இல்லை. வாய்க்கு எட்டினால்தானே ஊதும்! ஐந்து நாளாக ஒரு தடவைகூட ஊதவில்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

மார்ச் 29, சனி

ஐந்தும் முடிந்தது. பதினோரு நிமிடம் மிச்சம். மேடம் ஒவ்வொன்றாக அறுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பாஸ்! பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன், இந்த வயதில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வார்டில் முதல் குழாய். ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் போட்டவர் எண்ணை எழுத வேண்டும். என் எண் 27. பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

புது லைனோடு வார்டு திறந்து மூன்றாம் நாள். மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். காலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். ஏழாம் படுக்கை, சுவரில் இருந்தே ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஏழாம் படுக்கை லைன் முழுக்க நான் போட்டது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பதான் எடுத்துட்டாங்க அண்ணி. நாலு மணி நேரம் வெச்சிருந்தோம். இனிமே வேண்டாமாம், தானா மூச்சு விடுது. வீல்வீல்னு கத்துது, கேக்குதா?"

கேட்டது. வீட்டுக்காரரையும் கூப்பிட்டு போனை அவர் காதில் வைத்தேன்.