கால் நின்ற ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

முகப்பேர் துணிக்கடையில் பேரனுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் காக்கித் துணியை உதறிப் பிரித்ததும் அந்தக் கஞ்சி வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். "என்னம்மா, துணி பிடிக்கலையா?" என்றார். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் உன் மிஷினும் என் மிஷினும் பக்கத்துப் பக்கத்தில். நீ பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் மதுரைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். என் பேச்சைக் கேட்டு நீ பண்ணாத கேலியா! எண்பதுகளின் கடைசி அது. நாளெல்லாம் குனிந்து தைத்து நம்மில் பாதிப் பேருக்குத் தலைவலி, படபடப்பு. உனக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். "இப்படியே போனா ஒரு பக்கம் இழுத்துக்கும்மா, டென்ஷனைக் குறைங்க" என்றார் டிஸ்பென்சரி டாக்டர். "நான் இன்னா, அத்தக் கடையிலயா வாங்கிகினு வந்தேன்?" என்று அவரையே திருப்பிக் கேட்டவள் நீ.

அந்த டிஸ்பென்சரி சிஸ்டர்தான் ஞாயிறு காலைகளில் குவார்ட்டர்ஸ் மன்றத்தில் தியான வகுப்பு நடத்தினார். மந்திரம் கிடையாது, சாமி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் நமக்கு வந்து தொலையவில்லை. கண்ணை மூடியதும் வலது கால் தானாகப் பெடலை மிதிக்க ஆரம்பித்துவிடும். காலர் முனை திருப்பும்போது தையல் கோணாமலிருக்க மூச்சை அடக்குவோமே, அதே மாதிரி இங்கேயும் அடக்கிக்கொள்வோம். "யாரு அங்க சட்டை தைக்கிறது?" என்பார் சிஸ்டர். நீ கண்ணைத் திறக்காமலே, "முடிஞ்சிடுச்சு சிஸ்டர், பட்டன்தான் பாக்கி" என்பாய். மன்றமே சிரிக்கும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கால் நின்றது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டாய். உன் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"கண்ணை மூடுனா புள்ள வர்றான்டி," என்றாய்.

உனக்கு ஒரு மகன் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டாம் வகுப்பு படிக்கையில் காய்ச்சலில் போய்விட்டானாம். எல்லாம் முடிந்து நேராக மிஷினில் வந்து உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு காலை நிறுத்தவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு மிஷின், தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் உன்னிடம்தான். ஓடுகிற கால் அவனை உன் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் அவன் வந்துவிட்டான்.

அடுத்த வாரம் வகுப்புக்கு நீ வரவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டரே உன்னைத் தேடி வந்தார். நீ சீறினாய். "எனக்கு நிம்மதியே வோணாம் சிஸ்டர். நிம்மதின்னா அவனை மறக்கணும். பெத்த புள்ளைய மறந்துட்டு இன்னாத்துக்கு உசுரோட கீறது?"

"மறக்கச் சொல்லலக்கா," என்றார் அவர். "அவன் வந்தா வரட்டும். துரத்தவும் வேணாம், இழுத்துப் பிடிக்கவும் வேணாம். நீங்க பாட்டுக்கு மூச்சைப் பாருங்க."

"சொல்றது ஈஸி," என்று டிபன் பாக்ஸை மூடினாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாய். ஏனென்று கேட்டேன். "அங்கதானேடி வர்றான். நான் போலன்னா யாரைத் தேடுவான்?"

வாரக்கணக்கில் அழுதாய். சத்தமே வராத அழுகை. பக்கத்து நாற்காலியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சாவது, தியானமாவது! பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "இன்னிக்கு காய்ச்சல் இல்லாத மூஞ்சியோட வந்தான்டி. பல்லு உழுந்த வாய வெச்சிகினு சிரிக்கிறான்." அத்தனை காலமும் உனக்கு அவனுடைய கடைசி ராத்திரி முகம் மட்டுமே வந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று வேர்க்கடலை கொறித்தபடி அவன் குறும்பையெல்லாம் சொன்னாய். பூந்தமல்லி பஸ்ஸை இரண்டு முறை கோட்டை விட்டோம்.

அழுத்தம் குறைந்தது. டாக்டர் மாத்திரையைக்கூடக் குறைத்தார். ஆனால் அவர் பயந்தது நடக்காமல் போகவில்லை, சில வருஷம் தள்ளி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் இழுத்து, பேச்சில்லாமல் கிடந்தாய். என் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாய். "அவ்வளவு உட்கார்ந்தாளே, என்ன பிரயோஜனம்?" என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவரும் என்னோடு சேர்ந்து அழுதார்.

இப்போது எனக்கும் பிரஷர். காலையில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். நீ வருகிறாய், அக்கா. வாய் கோணி, மூக்கில் குழாயோடு, அந்த ஆஸ்பத்திரி முகத்தோடுதான் வருகிறாய். உன் சிரிப்பை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது. முதலில் எல்லாம் பயந்து எழுந்து உள்ளே போய்விடுவேன். இப்போது போவதில்லை. அந்த முகத்தோடேயே வா அக்கா, பரவாயில்லை. நான் கண்ணைத் திறக்க மாட்டேன்.